365-வது நாளை நீக்குங்கள்: அமெரிக்கா வாழ் தமிழர் சிலரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள், கவுண்டி அரசு வழக்கறிஞர்கள், நீதிபதிகள், இந்தியத் தூதரக அதிகாரிகள், நம் தமிழ்ச் சங்கங்கள்.

வேலைக்காகவும் படிப்புக்காகவும் பிள்ளைகளோடு இருப்பதற்காகவும் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். போருக்குத் தப்பி ஈழத்திலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்களும் எங்களில் உண்டு. சிலர் குடியுரிமை பெற்றுவிட்டோம். பலர் இன்னும் எச்-1பி விசாவை நீட்டித்து நீட்டித்து கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறோம். இந்தச் சாசனம் கொலை, கொள்ளை பற்றியது அல்ல. மிஸ்டிமீனர் என்று இங்கே சொல்லப்படும் சிறு குற்றங்களைப் பற்றியது. அவற்றுக்கான தண்டனை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதையும், அந்த வேறுபாடு குடியுரிமை இல்லாதவரின் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

ஒரே வழக்கை எடுத்துக்கொள்வோம். 120 டாலர் மதிப்புள்ள பொருளைப் பணம் கட்டாமல் கடைக்கு வெளியே கொண்டுபோனதாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு. இதற்கு முன் அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. பென்சில்வேனியாவில் இது மிஸ்டிமீனர்கூட அல்ல, அதற்கும் கீழான சம்மரி குற்றம். உச்ச தண்டனை 90 நாள். வட கரோலினாவில் லார்சனி (திருட்டு) என்று வழக்குப் போட்டால் 120 நாள். டெக்சாஸில் கிளாஸ் பி, 180 நாள். நியூ ஜெர்சி தன் சட்டத்தில் மிஸ்டிமீனர் என்ற வகையையே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே இது டிஸார்டர்லி பெர்சன்ஸ் குற்றம், ஆறு மாதம். புளோரிடாவில் ஓர் ஆண்டு. ஜார்ஜியாவிலும் வர்ஜீனியாவிலும் 12 மாதம். வர்ஜீனியாவில் அந்தப் பொருள் ஐந்து டாலர் சோப்பாக இருந்தாலும் அதே 12 மாதம்தான். 1,000 டாலருக்குக் கீழான கடைத் திருட்டு எல்லாமே அங்கே முதல் வகுப்பு மிஸ்டிமீனர்.

வகுப்புகளின் பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. கிளாஸ் 1 என்றால் வர்ஜீனியாவில் 12 மாதம், அரிசோனாவில் ஆறு மாதம், வட கரோலினாவில் 120 நாள். கிளாஸ் சி என்றால் டெக்சாஸில் சிறையே கிடையாது, 500 டாலர் வரை அபராதம் மட்டும். அதே கிளாஸ் சி தென் கரோலினாவில் ஓர் ஆண்டு வரை போகும், அங்கே கிளாஸ் ஏ மூன்று ஆண்டு. மேரிலாந்து வகுப்பே பிரிப்பதில்லை. அங்கே இரண்டாம் நிலைத் தாக்குதல் மிஸ்டிமீனர்தான், ஆனால் பத்து ஆண்டு வரை சிறை வைக்கலாம். மாசசூசெட்ஸில் மிஸ்டிமீனருக்கு கவுண்டிச் சிறையில் இரண்டரை ஆண்டு வரை போடலாம். டல்லஸில் இருக்கும் நண்பர் "எனக்கு இப்படித்தான் ஆச்சு, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருப்பவருக்குச் சொல்லும் ஆறுதல் இதனால்தான் ஆபத்தானது.

முதல் தடவை சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போவதில்லை என்பது உண்மை. அபராதம், சில மணி நேரச் சமூக சேவை, திருட்டுத் தடுப்பு வகுப்பு என்று முடிந்துவிடும். அமெரிக்கக் குடிமகனுக்கு அத்தோடு கதை முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

காரணம், கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தின் நாடு கடத்தல் விதி ஒன்று, நீதிபதி என்ன தண்டனை கொடுத்தார் என்று பார்ப்பதில்லை. என்ன கொடுத்திருக்க முடியும் என்று பார்க்கிறது. ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் ஒன்றை, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் செய்து, அதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடம் இருந்தால், அந்த ஒரே குற்றத்துக்காக நாடு கடத்தலாம். திருட்டு பொதுவாக அந்த வகையில்தான் சேர்கிறது. ஆக, 50 டாலர் அபராதம் கட்டிவிட்டு வந்தவரும் வர்ஜீனியாவில் அந்த வலைக்குள் விழுகிறார். எல்லை தாண்டி வட கரோலினாவின் ஷார்லட்டில் அதே காரியத்தைச் செய்தவர் விழுவதில்லை. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கவும் முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது நடப்பது புதிய அனுமதி. அந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி ஓடும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு மதுரைக்குப் போய் வருகிறவருக்கு அந்தக் கணக்கு முடியவே முடியாது.

இதே சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர விரும்புகிறவரின் பழைய குற்றத்துக்கு உச்ச தண்டனை ஓர் ஆண்டைத் தாண்டாமல், விதிக்கப்பட்டதும் ஆறு மாதத்தைத் தாண்டாமல் இருந்தால், அந்த ஒரு குற்றத்தைச் சிறு குற்றம் என்று விட்டுவிடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சரியாக ஓர் ஆண்டு உச்ச தண்டனை உள்ள குற்றம், வாசலில் நிற்பவருக்கு மன்னிக்கப்படுகிறது. வீட்டுக்குள் இருப்பவரை வெளியேற்றுகிறது. ஒரு விதி "ஓர் ஆண்டைத் தாண்டாத" என்கிறது, மற்றது "ஓர் ஆண்டு அல்லது அதற்கு மேல்" என்கிறது. இடையில் நிற்பது ஒரே நாள். அந்த நாளைத்தான் நீக்கச் சொல்கிறோம்.

திருட்டு திருட்டுதான். அடித்தால் அடிதான். தண்டனையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. மாநிலம் தன் குடிமகனுக்கு விதிக்கும் அதே தண்டனையை எங்களுக்கும் விதிக்கட்டும். அதற்கு மேல் வீட்டையும் வேலையையும் பள்ளியில் படிக்கும் பிள்ளையையும் விட்டுப் போ என்ற இரண்டாவது தண்டனை, அந்த நீதிபதியே எண்ணிப் பார்க்காத ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

மாநிலச் சட்டமன்றங்களிடம்

மிஸ்டிமீனரின் உச்ச தண்டனையை 364 நாளாக்குங்கள். இது முதல் கோரிக்கை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்தான்.

இது புதிதும் அல்ல. வாஷிங்டன் மாநிலம் 2011-ல் செய்தது. நெவாடா 2013-ல் செய்தது. கலிபோர்னியா 2014-ல் சட்டம் இயற்றி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஓரிகன் 2017-ல், நியூயார்க், கொலராடோ, யூட்டா மூன்றும் 2019-ல், கனெக்டிகட் 2021-ல், மின்னசோட்டா 2023-ல். யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை, நியூயார்க் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கட்சி பார்த்து ஒதுக்க வேண்டிய விஷயம் இது இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையா? இல்லினாயில் கிளாஸ் ஏ மிஸ்டிமீனருக்கு ஓர் ஆண்டுக்குக் குறைவாகத்தான் தண்டனை. டென்னசி எந்த ஆரவாரமும் இல்லாமல் 11 மாதம் 29 நாள் என்று வைத்திருக்கிறது. ஒஹாயோவின் கடுமையான மிஸ்டிமீனருக்கே 180 நாள்தான். இங்கெல்லாம் ஒரு நாள் குறைவு என்பதற்காக யாரும் கடைகளைச் சூறையாடவில்லை. கருவூலத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

வர்ஜீனியா, ஜார்ஜியா, டெக்சாஸ், புளோரிடா சட்டமன்றங்களிடம் தனியாகச் சொல்கிறோம், எங்கள் மக்கள் அதிகமாகக் குடியேறும் மாநிலங்கள் என்பதால். தாமதிக்காதீர்கள். பிறகு பின்தேதியிட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணவும் வேண்டாம். கலிபோர்னியா தன் 364 நாள் விதியைப் பழைய வழக்குகளுக்கும் நீட்டித்தது. 2018-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், வெலாஸ்கெஸ்-ரியோஸ் வழக்கில், நாடு கடத்தல் கணக்கில் அதை ஏற்க மறுத்தது. தீர்ப்பு நாளில் சட்டத்தில் ஓர் ஆண்டு என்று இருந்ததா இல்லையா, அதுவே பேச்சு என்றது. 2021-ல் ஒன்பதாவது சர்க்கியூட் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே நீங்கள் காலந்தாழ்த்தும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தண்டிக்கப்படுகிறவர்களுக்கு உங்கள் வருங்காலச் சட்டம் உதவாது.

பென்சில்வேனியாவுக்கு வேறு ஒரு வேண்டுகோள். அங்கே முதல் தடவை கடையில் 140 டாலர் பொருளை எடுத்தால் சம்மரி, 90 நாள். 160 டாலர் பொருளை எடுத்தால் முதல் நிலை மிஸ்டிமீனர், உச்சம் ஐந்து ஆண்டு. 150 டாலர் என்ற கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது டாலர்தான் வித்தியாசம். தண்டனை வித்தியாசம் இருபது மடங்கு. ஐந்து ஆண்டு என்று ஆனதும் முன்பு சொன்ன சிறு குற்ற விலக்கும் போய்விடுகிறது, உள்ளே இருக்கவும் முடியாது, வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. சிறு குற்றம் என்று பெயர் வைத்துவிட்டு ஐந்து ஆண்டு என்று எழுதும் இந்த வழக்கத்தைப் பென்சில்வேனியா கைவிட வேண்டும். பத்து ஆண்டு வைத்திருக்கும் மேரிலாந்தும்தான்.

காங்கிரஸிடம்

மாநிலங்கள் ஐம்பதும் ஒவ்வொன்றாகத் திருந்தும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டிய நிலையை உருவாக்கியது 1996-ல் நீங்கள் இயற்றிய சட்டங்கள். அவற்றை மாற்றும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது.

விதிக்கக்கூடிய தண்டனையை விட்டுவிட்டு, விதித்த தண்டனையைக் கணக்கில் எடுங்கள். அதிலும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையைச் சேர்க்காதீர்கள். இந்த இரண்டாவது விஷயம் ஜார்ஜியாவில் இருப்பவர்களை அதிகம் வாட்டுகிறது. அங்கே "12 மாதம், முழுவதும் புரபேஷன்" (சிறைக்கு வெளியே கண்காணிப்பு) என்று தீர்ப்பு எழுதுவது சர்வ சாதாரணம். கேட்பவர் காதில் அது விடுதலை மாதிரி ஒலிக்கும். ஆனால் திருட்டுக்கும் வன்முறைக்கும் ஓர் ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டால், அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், கூட்டாட்சிச் சட்டத்தில் அதன் பெயர் "அக்ரவேட்டட் ஃபெலனி", அதாவது கொடுங்குற்றம். மாநிலம் அதை மிஸ்டிமீனர் என்று சொன்னாலும் இதே கதிதான். ஜார்ஜியாவின் கடைத் திருட்டு வழக்கு ஒன்றில் 2001-ல் பதினோராவது சர்க்கியூட் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கிரீன் கார்டு வைத்திருப்பவரைக்கூட அது அநேகமாக எல்லா நிவாரணத்துக்கும் அப்பால் தள்ளிவிடும். தஞ்சம் கோரிக் காத்திருக்கும் ஈழத் தமிழருக்குத் தஞ்சக் கதவே மூடிவிடும். ஒரு நாள்கூடச் சிறையில் இராதவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாநிலம் அழித்த தீர்ப்பை நீங்களும் அழித்ததாகக் கொள்ளுங்கள். டெக்சாஸில் டெஃபர்டு அட்ஜுடிகேஷன் என்று ஒரு வழி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் மாநிலம் தண்டனைத் தீர்ப்பே எழுதாது. குடிவரவுச் சட்டமோ ஒப்புக்கொண்ட அந்தக் கையெழுத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. மாநிலம் மன்னித்ததை வாஷிங்டன் மன்னிக்க மறுப்பதற்கு எந்த நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை.

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஒருவர் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, வெளியுறவுத் துறை அவர் விசாவை ரத்து செய்யலாம் என்பதும் நடைமுறையில் இருக்கிறது. விஸ்கான்சினில் முதல் தடவை அது குற்ற வழக்கே அல்ல, அபராதத்தோடு முடியும் சிவில் மீறல். நியூ ஜெர்சியில் அது போக்குவரத்து விதிமீறல். குடித்துவிட்டு ஓட்டுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. வழக்கு தள்ளுபடியானவருக்கு விசாவைத் திரும்பக் கொடுக்கும் விரைவான வழி வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்.

நீதிமன்றங்களிடமும் அரசு வழக்கறிஞர்களிடமும்

திங்கட்கிழமை காலை ஒரு கவுண்டி கோர்ட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். பெஞ்ச் நிறையக் கூட்டம். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போகிறார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. "நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால் இந்த ஒப்புதல் உங்கள் குடிவரவு நிலையைப் பாதிக்கக்கூடும்" என்ற வரி மற்ற பத்து வரிகளோடு சேர்ந்து ஒரே மூச்சில் போகிறது. புரிந்ததா என்கிறார் நீதிபதி. எஸ் என்கிறார் நம் ஆள். அபராதம் எவ்வளவு, எந்த ஜன்னலில் கட்ட வேண்டும் என்பதுதான் அப்போது அவர் மனதில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

2010-ல் பாடில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதலால் நாடு கடத்தல் வருமா என்று கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கறிஞரே இல்லாதவருக்கு? 1979-ல் ஸ்காட் எதிர் இல்லினாய் வழக்கில் அதே நீதிமன்றம், உண்மையில் சிறைக்கு அனுப்பாத வழக்கில் இலவச வழக்கறிஞர் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. வர்ஜீனியாவில் நீதிபதி விசாரணைக்கு முன்பே "சிறை இல்லை" என்று அறிவித்துவிட்டால் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்காது. ஏழைக்கு அது சலுகை போலத் தெரியும். ஆனால் குற்றத்தின் உச்ச தண்டனை அப்போதும் 12 மாதமாகவே ஏட்டில் இருக்கிறது. குடிவரவு அதிகாரி பார்ப்பதும் அந்த ஏட்டைத்தான். சிறை இல்லை என்பதால் வழக்கறிஞர் இல்லை, வழக்கறிஞர் இல்லை என்பதால் எச்சரிக்க ஆளில்லை. இந்தச் சாசனத்தில் எங்களுக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது.

எனவே கேட்கிறோம். உச்ச தண்டனை ஓர் ஆண்டைத் தொடும் எந்த வழக்கிலும், வசதி இல்லாதவருக்குச் சிறை உண்டோ இல்லையோ வழக்கறிஞர் தாருங்கள். ஒவ்வொரு பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்திலும் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் குற்றத்தின் வகுப்பு, உச்ச தண்டனை, அது 365 நாளைத் தொடுகிறதா என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

அரசு வழக்கறிஞர்களே, முதல் தடவை வந்தவரை மாற்று வழியில் அனுப்ப நீங்கள் தயாராக இருக்கிறீர்கள் என்றால், குற்ற ஒப்புதல் வாங்காமல் அனுப்புங்கள். வகுப்பில் உட்கார வையுங்கள், கடைக்காரருக்கு நஷ்டத்தைக் கட்டச் சொல்லுங்கள், முடித்ததும் வழக்கைத் திரும்பப் பெறுங்கள். ஒப்புதலுக்கு முன்னா பின்னா என்பது உங்களுக்குக் கோப்பு வரிசை. எங்களுக்கு அதுதான் எல்லாம்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியர் என்றால் இந்தி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அறுபத்தைந்து வயது அப்பாவுக்குத் தமிழ்தான் தெரியும். தாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் கவுன்ட்டரில் ஒரு பொருள் விட்டுப்போனதை அவர் தமிழில்தான் விளக்குவார்.

இந்தியத் தூதரகங்களிடம்

வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-வது பிரிவின்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கேட்டால்தான். கேட்கலாம் என்பதே நம்மவர் பலருக்குத் தெரியாது. அட்லாண்டா, ஹூஸ்டன், சான்பிரான்சிஸ்கோ, நியூயார்க், சிகாகோ, சியாட்டில் துணைத் தூதரகங்களும் வாஷிங்டன் தூதரகமும் தத்தம் எல்லைக்குட்பட்ட மாநிலங்களின் சிறு குற்ற வகுப்புகளையும் உச்ச தண்டனைகளையும் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்க வருகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புங்கள்.

நம் தமிழ்ச் சங்கங்களிடமும் நம்மிடமும்

நடனப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கி, குற்றவியல் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை மேடையேற்றுங்கள். வெட்கப்படும் விஷயம் என்று மூடி வைப்பதால்தான் ஆள் ஆளுக்கு அரைகுறைத் தகவலோடு கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

"காசைக் கட்டிட்டு வந்துடலாம்" என்ற பேச்சை நாமே நிறுத்த வேண்டும். பணம் கட்டுவது பல இடங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஜார்ஜியாவில் சாதாரண வேகமீறல் சீட்டே ஏட்டளவில் மிஸ்டிமீனர். வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு மேல் போனாலோ, வரம்புக்கு மேல் 20 மைல் போனாலோ ரெக்லஸ் டிரைவிங், திருட்டுக்கு உள்ள அதே முதல் வகுப்பு. அதற்காக யாரையும் நாடு கடத்திவிட மாட்டார்கள் என்றாலும், விசா படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்விக்கு நேரே அது வந்து நிற்கும். பெற்றோரை அழைத்து வரும்போது மருந்துச் சீட்டும் இன்சூரன்சும் பார்க்கிறோமே, கடையில் எப்படிப் பணம் கட்டுவது என்பதையும் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இந்தச் சாசனத்தை ஏற்பவர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. வர்ஜீனியா, ஜார்ஜியா சட்டமன்றங்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடுகின்றன. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டில்தான், அதுவும் 140 நாள்தான். அதைத் தவறவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதியும் செனட்டரும் யார் என்று பாருங்கள். உங்கள் மாநிலத்தில் மிஸ்டிமீனரின் உச்சம் எத்தனை நாள் என்று குறிப்பிட்டு, அதை 364 ஆக்கும் மசோதாவைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுத வாக்குரிமை தேவையில்லை, விசாவில் இருப்பவரும் எழுதலாம். வாக்கு உள்ளவர்கள் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.